நாயின் உடலில் கட்டி தென்பட்டால்

தமிழில் 'கட்டி' என்பது மிகவும் தாராளமான சொல். சீழ் பிடித்தாலும் கட்டி, கொழுப்பு திரண்டாலும் கட்டி, புற்றுநோய் என்றாலும் கட்டிதான். சற்று நுணுக்கமாகச் சொல்ல விரும்பியவர்கள் கழலை, மரு, பாலுண்ணி, கொப்புளம், நெறி என்று பிரித்துச் சொன்னார்கள். நாய் வளர்ப்பவரின் விரல்களுக்கு இந்தச் சொல்வளம் கிடையாது. தடவிக்கொடுக்கும்போது ரோமத்துக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டையாகத் தட்டுப்படுகிறது என்பது மட்டுமே தெரியும். அது இன்னதென்று விரல் சொல்லாது.

இதன்பின் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. 'வயதான நாய், இதெல்லாம் வரத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது அன்றிரவே இணையத்தில் தேடிப் படித்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டுமே ஊகங்கள்தாம். நாயின் தோலிலும் தோலுக்கு அடியிலும் தோன்றும் கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை தீங்கற்றவை. ஆனால் தீங்குள்ளவற்றில் சில, தீங்கற்றவற்றைப் போலவே தோற்றம் தரும். எனவே எது எது என்று தெரிந்துகொள்வதற்கான வழிமுறையை இங்கு தொகுத்துத் தர முயல்கிறேன். கட்டியைப் பார்த்தவுடன் வெட்டியெடுக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. பேசாமல் காத்திருப்பதும் சில நேரங்களில் சரியான முடிவே. அந்தக் காத்திருத்தல், கட்டி இன்னதென்று தெரிந்த பிறகு நிகழ வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

முதலில், அது கட்டிதானா?

கட்டி என்று பதறிப்போய் மருத்துவரிடம் கொண்டுவரப்படுபவற்றில் சில கட்டிகளே அல்ல. நாய்களுக்கு மார்பிலிருந்து தொடை இடுக்குவரை இரண்டு வரிசைகளில், வழக்கமாக ஐந்து ஜோடி முலைக்காம்புகள் உண்டு. ஆண் நாய்க்கும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அதைக் கட்டி என்றோ உண்ணி என்றோ எண்ணிப் பிய்க்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். மார்புக்கூட்டின் கீழ் முனையில், இரு பக்க விலா எலும்புகள் கூடும் இடத்தில், கைக்குத் தட்டுப்படும் கூரான முனை மார்பெலும்பின் நுனி. நாய் இளைத்தால் அது புதிதாக முளைத்ததுபோல் தெரியும்.

இரத்தம் குடித்து உப்பிய உண்ணி, பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிற உருண்டையாக இருக்கும். ரோமத்தை விலக்கி நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் தோலை ஒட்டிக் கால்கள் தெரியும். தடுப்பூசி போட்ட இடத்தில் சிறிய வீக்கம் தோன்றிச் சில வாரங்களில் மறைவதும் இயல்பானதே. பெரிய இன நாய்கள் கடினமான தரையில் படுத்தெழுவதால் முழங்கையில் நீர் கோத்துப் பந்துபோல் வீங்கும். மெத்தையான படுக்கை போட்டாலே இது பல நேரங்களில் வற்றிவிடும். ஊசி குத்தி நீரை எடுத்தால் தொற்று உண்டாக வாய்ப்புள்ளது என்பதால் மருத்துவர்களே அவசியமில்லாமல் அதைத் தொடுவதில்லை.

அடிக்கடி காணப்படும் கட்டிகள்

கொழுப்புக்கட்டி: நடுவயதைத் தாண்டிய, சற்றுப் பருமனான நாய்களுக்கு அதிகம் வருவது. லாப்ரடார், டாபர்மன் போன்ற இனங்களில் மிகச் சாதாரணம். தோலுக்கு அடியில் மென்மையாக, விரலால் தள்ளினால் நழுவுவதாக இருக்கும். வலிக்காது, மெதுவாக வளரும். நடக்கவோ படுக்கவோ இடைஞ்சலாக வளர்ந்தாலொழிய எடுக்க வேண்டியதில்லை. அரிதாகத் தசைகளுக்கிடையே ஊடுருவி வளரும் வகையும் உண்டு.

இளம் நாய்களின் பொத்தான் கட்டி: மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் தலை, காது, கால்களில் சிவந்த, வழுவழுப்பான, பொத்தானைப் போன்ற கட்டி திடீரென்று தோன்றி வேகமாக வளரும். ஹிஸ்டியோசைட்டோமா என்று பெயர். பெயரும் வேகமும் பயமுறுத்தினாலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் இதைக் கரைத்துவிடும்.

மரு: வைரஸால் வருவது. குட்டிகளின் வாயிலும் உதட்டிலும் காலிஃபிளவர் பூப்போல் தோன்றும். மற்ற நாய்களுக்குத் தொற்றும், மனிதர்களுக்குத் தொற்றாது. பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். வயதான நாய்களின், முக்கியமாக பூடில், காக்கர் ஸ்பேனியல் இனங்களின் தோலில் வரும் மருப்போன்ற முளைகள் பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்ததால் வருபவை. தீங்கற்றவை, ஆனால் நாய் கடித்தும் சொறிந்தும் புண்ணாக்கிக்கொள்ளும்.

சீழ்க்கட்டி: ஓரிரு நாளில் வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், வலிக்கும், நாய் சோர்ந்துவிடும். சண்டையில் பட்ட பல்லோ தோலுக்குள் புகுந்த புல்முள்ளோ காரணமாக இருக்கலாம். மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றி மருந்து தருவார்.

மாஸ்ட் செல் கட்டி: நாய்களின் தோலில் வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். மாஸ்ட் செல் என்பது ஆரோக்கியமான உடலிலும் இருக்கும் உயிரணு. ஒவ்வாமை ஏற்படும்போது ஹிஸ்டமினை வெளியிட்டு வீக்கமும் அரிப்பும் உண்டாக்குவது இதுவே. ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1878-ல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இவ்வுயிரணுவை விவரித்தார். உள்ளே துகள்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, தீனி தின்று கொழுத்தது என்ற பொருளில் அப்பெயரை வைத்தார். பாக்ஸர், பக், பாஸ்டன் டெரியர், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இனங்களுக்கு இக்கட்டி அதிகம் வருகிறது.

இதன் ஆபத்து, இதற்கென்று ஒரு முகம் இல்லாததுதான். சில சமயம் சிவந்த புண்ணாக இருக்கும். சில சமயம் பூச்சிக்கடிபோல் இருக்கும். சில சமயம் தோலுக்கு அடியில் மென்மையாக நழுவும், அசல் கொழுப்புக்கட்டிபோல. ஹிஸ்டமின் வெளிப்படும்போது வீங்கி, பின் சுருங்கவும் செய்யும். 'போன வாரம் பெரிதாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது' என்று நிம்மதியடைவதற்கில்லை.

முலைக்கட்டி: கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது கூடும்போது வருவது. இவற்றில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருக்கும். 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, முதல் முறை பருவத்துக்கு வருமுன் கருத்தடை செய்த நாய்களுக்கு இதற்கான வாய்ப்பு, கருத்தடை செய்யாதவற்றுக்குள்ளதில் 0.5 சதவீதம்தான் என்றும், முதல் பருவத்துக்குப்பின் செய்தால் 8 சதவீதம், இரண்டாவதற்குப்பின் 26 சதவீதம் என்றும் சொன்னது. 2012-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பரிசீலித்தவர்கள் இச்சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்று கருதினார்கள். ஆகவே எப்போது கருத்தடை செய்வது என்பதை இன்று இனத்தையும் அளவையும் வைத்து மருத்துவருடன் பேசித் தீர்மானிப்பதே வழக்கம்.

நெறி கட்டுதல்: காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நாய்க்கும் அதேதான். தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க்கணுக்களைக் கையால் உணரலாம். அருகில் புண் இருந்தால் அந்த ஒரு பக்கம் வீங்குவது இயல்பு. புண் எதுவும் இல்லாமல், வலியில்லாமல், இரு பக்கமும் ஒரேமாதிரி வீங்கினால் அது லிம்ஃபோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். இதற்குச் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

தடவிப் பார்ப்பதும் எழுதி வைப்பதும்

மாதம் ஒருமுறை, குளிப்பாட்டும் நாளிலோ வாரிவிடும் நாளிலோ, மூக்கிலிருந்து வால்வரை ஒழுங்குமுறையாகத் தடவிப் பார்க்க வேண்டும். பலரும் முதுகையும் தலையையும் தடவுவதோடு நின்றுவிடுகிறார்கள். அக்குள், தொடை இடுக்கு, வாலடி, விரலிடுக்கு, காதின் உட்புறம், உதட்டைத் தூக்கி ஈறு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வாய்க்குள் வரும் கட்டிகள் சாப்பிட முடியாமல் போகும்வரை கண்ணில் படாமலே இருந்துவிடுகின்றன.

கட்டி ஒன்று தென்பட்டால் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, இடம், அளவு, தன்மை. 'கொஞ்சம் பெரிசாச்சு' என்பது தகவல் ஆகாது. ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தே கைபேசியில் படமெடுத்தால் பின்னர் ஒப்பிட வசதி. நாயின் படம் ஒன்றை இரு பக்கமும் வரைந்து, ஒவ்வொரு கட்டிக்கும் எண் கொடுத்துப் புள்ளி வைத்தால் இன்னும் நல்லது. ஏனெனில் வயதான நாய்க்குப் பல கொழுப்புக்கட்டிகள் இருப்பது சகஜம். பத்துக் கட்டிகளைச் சோதித்து எல்லாம் கொழுப்பு என்று வந்தபின், பதினொன்றாவதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. முந்தைய பத்தும் இந்த ஒன்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு கட்டியும் தனிக்கட்டிதான்.

எப்போது போக வேண்டும்?

அமெரிக்காவில் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சூ எட்டிங்கர் பரப்பிவரும் எளிய விதி ஒன்று உண்டு. கட்டி 1 செ.மீ., அதாவது ஒரு பட்டாணி அளவோ அதற்கு மேலோ இருந்து, ஒரு மாதமாக மறையாமலும் இருந்தால் ஊசிச் சோதனையோ திசுச் சோதனையோ செய்துவிட வேண்டும் என்பதே அது. நினைவில் வைத்துக்கொள்ள வசதியான கணக்கு.

மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு: வேகமாக வளர்வது, நிறம் மாறுவது, புண்ணாகி இரத்தம் கசிவது, அடித்தசையுடன் ஒட்டி அசையாமல் கல்போல் இருப்பது, முலையிலும் வாயிலும் வருவது, ஆசனவாய் ஓரத்தில் வருவது. ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள பைகளில் வரும் புற்றுநோய் இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தக்கூடும் என்பதால், நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதே முதல் அறிகுறியாகலாம். காலெலும்பின் மேல் கடினமான வீக்கமும் கூடவே நொண்டலும் இருந்தால் எலும்புப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரே தேவை. கட்டியுள்ள நாய் வாந்தியெடுத்தாலோ கறுப்பாக மலம் கழித்தாலோ அன்றே போக வேண்டும். மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் வயிற்றில் புண்ணை உண்டாக்கக்கூடியது.

ஊசிச் சோதனை

மருத்துவர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில உயிரணுக்களை எடுத்து, ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். தடுப்பூசிக்குப் பயன்படுவது போன்ற ஊசிதான். பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படாது, சில நிமிட வேலை. கொழுப்புக்கட்டியென்றால் தகட்டில் எண்ணெய்த்துளி மின்னும். மாஸ்ட் செல்லென்றால் துகள்கள் நிறைந்த உயிரணுக்கள் பெரும்பாலும் உடனே அடையாளம் தெரியும். சந்தேகம் இருந்தால் தகடு ஆய்வகத்துக்குப் போகும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. சிலவகைச் சார்கோமாக்களின் உயிரணுக்கள் ஊசிக்கு எளிதில் வருவதில்லை. ஊசி கட்டியைத் தவறவிட்டுப் பக்கத்துக் கொழுப்பை எடுத்துவிடவும் கூடும். ஆகவே ஒரே கட்டியில் இரண்டு மூன்று இடங்களில் எடுப்பது வழக்கம். 'ஒன்றும் தெரியவில்லை' என்ற முடிவை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த படியாகச் சிறு துண்டு வெட்டியெடுத்துத் திசுச் சோதனை செய்ய வேண்டும்.

'எப்படியும் வெட்டத்தான் போகிறோம், முன்னால் எதற்கு ஊசி?' என்று கேட்கலாம். கட்டி எதுவென்பதைப் பொறுத்து வெட்டும் அளவே மாறுகிறது. கொழுப்புக்கட்டியை அதன் உறையோடு தோண்டியெடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டியென்றால் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. வரை நல்ல தோலையும், அடியில் ஓர் அடுக்குத் திசுவையும் சேர்த்து எடுப்பதே பொதுவான வழக்கம். தெரியாமல் சிறிதாக வெட்டிவிட்டால் வேர்போல் மிச்சமிருப்பவை மீண்டும் வளரும். இரண்டாவது அறுவை முதலாவதைவிடப் பெரிதாகவும் கடினமாகவும் இருக்கும். முதல் அறுவைதான் முழுமையாகக் குணமாக்குவதற்கான சிறந்த வாய்ப்பு.

வெட்டியெடுத்ததைத் தவறாமல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். கட்டியின் தீவிரமும், ஓரங்களில் புற்றுநோய் மிச்சமிருக்கிறதா என்பதும் அங்குதான் தெரியவரும்.

செய்யக் கூடாதவை

பிதுக்கக் கூடாது. மாஸ்ட் செல் கட்டியை அழுத்தினால் ஹிஸ்டமின் வெளிப்பட்டுச் சுற்றிலும் வீங்கும். மற்றக் கட்டிகளிலும் உள்ளேயே உடைந்து தொற்று ஏற்படலாம். மருவை நூலாலோ குதிரைவால் முடியாலோ இறுக்கிக் கட்டி விழவைக்கும் ஊர்ப் பழக்கத்தை நாயிடம் காட்ட வேண்டாம். அது மருதானா என்பதே நமக்குத் தெரியாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவதால் கட்டி கரையாது. நாய் அதை நக்கி விழுங்குவதுதான் மிச்சம்.

வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் போன்ற மனித வலிமாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். முன்பு அரிப்புக்காக வாங்கி மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. லிம்ஃபோமாவும் மாஸ்ட் செல் கட்டியும் ஸ்டீராய்டால் தற்காலிகமாகச் சுருங்கும். நோயைக் கண்டுபிடிப்பது சிரமமாவதோடு, லிம்ஃபோமாவில் பின்னர் கொடுக்கும் கீமோதெரபி சரியாக வேலை செய்யாமலும் போகலாம்.

ஊர் நாய்களுக்கு வரும் ஒரு கட்டி

ஊரில் பெற்றோர் வளர்க்கும் நாய்க்கோ, ஊரிலிருந்து தத்தெடுத்த நாய்க்கோ வரக்கூடிய ஒரு கட்டியையும் சொல்ல வேண்டும். பிறப்புறுப்பில் காலிஃபிளவர்போலச் சிவந்து வளர்ந்து இரத்தம் கசியும் இக்கட்டி, இந்தியா உட்படப் பல நாடுகளின் தெருநாய்களில் காணப்படுகிறது. புணர்ச்சியின்போது ஒரு நாயின் புற்றுநோய் உயிரணுக்களே மற்றொரு நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. கிருமி ஏதும் இல்லை, நோயுற்ற உயிரணுவே தொற்றுகிறது. ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி 1876-ல் இதை ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். 2019-ல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி, ஆசியாவில் 4000 முதல் 8500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோவொரு நாயின் உடலில் தோன்றிய புற்றுநோய்தான் இன்றும் நாய்விட்டு நாய் தாவி உயிரோடிருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால் இது எளிதில் குணமாவது. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை சில வாரங்கள் நரம்பில் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் முற்றிலும் தேறிவிடுகின்றன. அம்மருந்து எடுக்கப்படுவது நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்கள் இருக்கையில், இக்கட்டி வந்த நாயைத் தெருவில் விடுவதற்கோ கொல்வதற்கோ காரணமே இல்லை.

தெரிந்த பிறகு

சோதனையில் புற்றுநோய் என்று வந்தால் அது மரண ஓலை அன்று. தீவிரம் குறைந்த மாஸ்ட் செல் கட்டியை முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு வேறு சிகிச்சை தேவைப்படுவதில்லை. அறுவைக்கு வழியில்லாதபோது வேறு சில வழிகளும் வந்திருக்கின்றன. நாய்களின் புற்றுநோய்க்கென்றே அமெரிக்க அரசு அங்கீகரித்த முதல் மருந்தான பலேடியா மாத்திரை 2009-ல் வந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மரமொன்றின் விதையிலிருந்து எடுக்கப்பட்டு, கட்டிக்குள்ளேயே செலுத்தப்படும் ஸ்டெல்ஃபாண்டா 2020-ல் அங்கு அனுமதி பெற்றது.

செலவைப் பற்றியும் கூச்சப்படாமல் பேச வேண்டும். ஊசிச் சோதனைக்கு ஆவது அறுவைச் செலவில் சிறு பகுதியே. செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் கட்டி தோன்றுமுன் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இது எந்த வகை? பரவியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் எடுப்பது நல்லதா, அறுவை நிபுணரிடம் போவது நல்லதா?

பதினான்கு வயது நாய்க்கு, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும்போது, புற்றுநோய் என்று தெரிந்தும் அறுவை வேண்டாம் என்று ஒரு குடும்பம் தீர்மானிக்கலாம். வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, பிடித்ததைக் கொடுத்து, மிச்சமிருக்கும் மாதங்களை நிம்மதியாகக் கழிக்க விடலாம். அதில் குற்றவுணர்வு கொள்ள ஏதுமில்லை. அதேபோல், பன்னிரண்டு வயது நாயின் வயிற்றில் தொங்கும் எலுமிச்சை அளவுக் கட்டி வெறும் கொழுப்பு என்று தெரிந்தால், வயதான காலத்தில் தேவையற்ற ஓர் அறுவையிலிருந்து அது தப்பிக்கிறது. முடிவு எதுவானாலும், நாய்க்காக அதை எடுப்பவர்கள் நாம்தான். அது தனக்கு எங்கே என்ன முளைத்திருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. இந்த வார இறுதியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை தடவிப் பாருங்கள்.